செயின்ட் பால் வபாஷா தெருக் குகைகள்: கேங்ஸ்டர் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகலாமா?

நீலவானம்:
அடுத்த மாதம் திருச்சியிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஏரி, மால், மறுபடி ஏரி என்று போன தடவையே மினசோட்டாவைக் காட்டி முடித்தாயிற்று. இந்த முறை என் பன்னிரண்டு வயதுப் பையன் ஒரே பிடியாக நிற்கிறான், முப்பதுகளின் வங்கிக் கொள்ளைக்காரன் டில்லிஞ்சர் வந்து போன குகைக்குப் போயே ஆகணுமாம். செயின்ட் பாலில் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினதும் வபாஷா தெருவில் இருக்கிறதே, அதுதான். வழிகாட்டியோடு உள்ளே கூட்டிப் போகிறார்கள், குண்டு பட்ட ஓட்டையெல்லாம் காட்டுகிறார்கள் என்று எங்கேயோ பார்த்திருக்கிறான். போனவர்கள் சொல்லுங்கள், கொடுக்கிற காசுக்குத் தகுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்கு அடைசலான இடம் என்றாலே மூச்சு முட்டும். அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ராத்திரிராணி:
தாராளமாகக் கூட்டிப் போங்க. அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது. குகை என்றதும் தவழ்ந்து போகிற பொந்து மாதிரி நினைத்துவிடாதீங்க. வெளியே கோட்டை வாசல் மாதிரி செங்கல் முகப்பு, உள்ளே போனால் கல்யாண மண்டபம். நிஜமாகவே அங்கே கல்யாணம் நடக்கிறது! உயரமான வளைவுக் கூரை, தொங்கும் சரவிளக்குகள், பெரிய நடனத் தரை, பார். பின்னால் போகப் போகத்தான் பூச்சு இல்லாத மணற்கல் சுவர் வரும். குகைச் சுற்று முக்கால் மணி நேரம். வழிகாட்டிகள் முப்பதுகளின் கேங்ஸ்டர் உடுப்பில் வந்து அந்தக் கால ஆள் மாதிரியே பேசுவார்கள். உங்க பையன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

நான் வியாழக்கிழமை ஸ்விங் நடனத்துக்குப் போகிற கோஷ்டி, அதனால் கொஞ்சம் பாசத்தோடுதான் சொல்வேன். அந்தக் கூரைக்குக் கீழே பித்தளை வாத்தியங்கள் முழங்குவதைக் கேட்டால் 1933இல் இங்கே இரவு விடுதி திறந்தபோது ஏன் கூட்டம் அலைமோதியது என்று புரியும்.

பழையபேப்பர்:
போகலாம். ஆனால் பையனிடம் எது நடந்தது, எது கட்டின கதை என்று முன்னாடியே பிரித்துச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். அங்கே இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுகிறார்கள்.

தேதியை வைத்துப் பாருங்கள். குகைக்குள் ‘காசில் ராயல்’ என்ற பெயரில் இரவு விடுதி திறந்தது 1933 அக்டோபர் 26. அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது அதே வருடம் டிசம்பர் 5. நடுவில் நாற்பது நாள். அதிலும் லேசான பீர் ஏப்ரலிலேயே சட்டப்படி கடைக்கு வந்துவிட்டது. ‘மதுவிலக்குக் காலத்தில் கேங்ஸ்டர்கள் திருட்டுத்தனமாகக் குடித்துக் கும்மாளம் போட்ட காசில் ராயல்’ என்றால் அந்த நாற்பது நாளுக்குள் எல்லாம் நடந்திருக்க வேண்டும். இருபதுகளிலேயே அங்கே கள்ளச் சாராயக்கடை நடந்தது என்றும் சொல்கிறார்கள். அது தனிக்கதை, காசில் ராயல் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

டில்லிஞ்சருக்கு வருவோம். 1934 மார்ச் 3 அன்று இண்டியானாவில் கிரவுன் பாயின்ட் சிறையிலிருந்து தப்பினான். பிறகுதான் செயின்ட் பாலில் பொய்ப் பெயரில் வீடு எடுத்துத் தங்கினான். மார்ச் 31 அன்று எஃப்.பி.ஐ. ஆட்கள் கதவைத் தட்ட, சுட்டுக்கொண்டே ஊரைவிட்டு ஓடினான். ஜூலை 22 அன்று சிகாகோவில் சாகடிக்கப்பட்டான். அவன் குகைக்கு வந்து ஆடினான் என்றால் பெரும்பாலும் அந்த மார்ச் மாதத்துக்குள்தான். வந்திருக்கலாம். வந்ததற்கு அத்தாட்சி என்று எதையும் காட்டுவதில்லை.

ராத்திரிராணி:
//வந்திருக்கலாம். வந்ததற்கு அத்தாட்சி என்று எதையும் காட்டுவதில்லை//

சார், தலைமறைவாக இருக்கிறவன் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டா ஆடப் போவான்? நான் போனபோது வழிகாட்டியே கணப்படுப்புப் பக்கத்தில் நின்று “இது எங்க தாத்தா காலத்துக் கதை, நம்புவது உங்க இஷ்டம்” என்று கண்ணடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். யாரையும் அவர் ஏமாற்றவில்லை.

நீலவானம்:
அந்தக் கணப்படுப்புக் கதை என்ன? பையன் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே கேட்கிறான்.

ராத்திரிராணி:
ஒரு ராத்திரி விடுதி மூடுகிற நேரம், நாலு பேர் சீட்டாடிக்கொண்டு இருந்தார்களாம். வேலை செய்கிற பெண்மணி சமையலறைப் பக்கம் போயிருக்கிறார். டமார் டமார் என்று சத்தம். ஓடி வந்து பார்த்தால் மூன்று பேர் ரத்த வெள்ளத்தில். போலீசைக் கூப்பிடுகிறார்கள். போலீஸ் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு உள்ளே ரொம்ப நேரம் இருந்ததாம். திரும்பக் கூப்பிட்டபோது உடலும் இல்லை, ரத்தமும் இல்லை. “இங்கே ஒன்றும் நடக்கவில்லை, பொய்ப் புகார் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுவோம்” என்று மிரட்டிவிட்டுப் போனார்களாம். கணப்படுப்புக் கல்லில் இருக்கிற ஓட்டைகள் மட்டும் மிச்சம். ஒவ்வொரு வழிகாட்டியும் ஒவ்வொரு மாதிரி சொல்வார். நான் கேட்டது இது.

பழையபேப்பர்:
கதை ஜோர். உடலும் இல்லை, வழக்கும் இல்லை, செத்தவன் பெயரும் இல்லை. பொய் என்று நிரூபிக்க யாராலும் முடியாதபடி கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கதையில் ஒரே ஒரு பாத்திரம் உண்மை என்றால் அது அந்தப் போலீஸ்தான். இது குகைச் சுற்றில் சீக்கிரம் கடந்துபோய்விடுகிறது, அதனால் இங்கே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஜான் ஓ'கானர் என்பவர் 1900இல் செயின்ட் பால் போலீஸ் தலைவர் ஆனார். நடுவில் சில வருடம் தவிர 1920 வரை அவர்தான். அவர் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. எந்த ஊர்க் குற்றவாளியும் இங்கே வந்து தங்கலாம். வந்ததும் தகவல் சொல்ல வேண்டும், கப்பம் கட்ட வேண்டும், ஊர் எல்லைக்குள் கைவரிசை காட்டக் கூடாது. வேறு ஊர்ப் போலீஸ் தேடி வந்தால் இவர்கள் முன்கூட்டியே காதில் போட்டுவிடுவார்கள். ஓ'கானர் போன பிறகும் ஏற்பாடு நிற்கவில்லை. போலீசுக்கும் திருடனுக்கும் நடுவே தரகனாக டான் ஹோகன் என்ற சாராயக்கடைக்காரர் இருந்தார். எப்போதும் பளிச்சென்று உடுத்துவதால் டேப்பர் டான் என்று பெயர். 1928 டிசம்பரில் காரில் ஏறி ஸ்டார்ட் செய்ததும் குண்டு வெடித்துச் செத்தார். அடுத்து ஹாரி சாயர் அந்த இடத்துக்கு வந்தார்.

செயின்ட் பால் மக்களுக்கு இது தெரியாமலா இருந்தது? நம் தெருவில் திருட்டுப் போகவில்லை என்றால் சரி என்று பலர் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். மதுவிலக்கு முடிவை நெருங்கிச் சாராயக் காசு வற்றத் தொடங்கியதும், வங்கிக் கொள்ளை, ஆள்கடத்தல் என்று கும்பல் ஊருக்குள்ளேயே கை வைத்தது. 1933 ஜூனில் பீர் ஆலை முதலாளி வில்லியம் ஹாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது கடத்தப்பட்டார். ஒரு லட்சம் டாலர் கொடுத்து மீட்டார்கள். 1934 ஜனவரியில் வங்கிக்காரர் எட்வர்ட் பிரெமர், இரண்டு லட்சம். இரண்டும் பார்க்கர்-கார்ப்பிஸ் கும்பலின் வேலை. பணக்காரர் வீட்டிலேயே கை வைத்த பிறகுதான் ஊருக்கு ரோஷம் வந்தது. 1935இல் போலீஸ் தலைமையகத்தின் தொலைபேசிகளையே ஒட்டுக்கேட்டு ஆதாரம் திரட்டினார்கள், பல அதிகாரிகளுக்கு வேலை போனது.

இதெல்லாம் நீதிமன்றத்துக்கு வந்த விஷயம். இவ்வளவு இருக்க மூன்று அநாமதேயப் பிணங்கள் எதற்கு?

சாப்பாட்டுராமன்:
ஹாம் கடத்தலுக்கு முதலில் ரோஜர் டூஹி என்று வேறு ஒரு சிகாகோ ஆளைப் பிடித்து வழக்குப் போட்டார்களே, அதை விட்டுவிட்டீர்களே சார். செயின்ட் பாலிலேயே விசாரணை நடந்து விடுதலை ஆனார்.

பழையபேப்பர்:
ஆமாம். மீட்புப் பணம் கேட்டு வந்த கடிதங்களில் வெள்ளி நைட்ரேட் தடவி, கண்ணுக்குத் தெரியாத கைரேகைகளை எஃப்.பி.ஐ. வெளியே கொண்டுவந்தது. அதில்தான் கார்ப்பிஸ் கும்பல் மாட்டியது. உங்கள் பையனுக்கு இது பிடிக்கும், நீலவானம்.

கல்லுளிமங்கன்:
எல்லோரும் கேங்ஸ்டரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எனக்கு மண்தான் தொழில், அதனால் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இயற்கையாக உண்டான குகையே இல்லை. மனிதர்கள் தோண்டின மணல் சுரங்கம். செயின்ட் பீட்டர் மணற்கல் என்று பெயர், நாற்பத்தைந்து கோடி வருடப் பழசு. கிட்டத்தட்ட சுத்தமான குவார்ட்ஸ், சர்க்கரை மாதிரி வெள்ளை. விரலால் தேய்த்தால் உதிரும். கண்ணாடி செய்ய இதைவிட நல்ல மணல் கிடைக்காது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றங்கரைச் சரிவை உள்பக்கமாக வெட்டிக்கொண்டே போனார்கள். இவ்வளவு மெத்தென்ற கல்லுக்குள் மண்டபம் கட்டியும் ஏன் இடிந்து விழவில்லை என்றால், மேலே பிளாட்வில் சுண்ணாம்புக்கல் ஓர் அடுக்கு மூடி போட்ட மாதிரி இருக்கிறது. இந்தக் கரையில் நிறைய இடத்தில் அப்படித்தான்.

இதே மணல்தான் ஊரின் அந்தப் பக்கம் ஃபோர்டு கார் ஆலைக்கு அடியிலும். ஆலை மேலே கார் கட்டியது, கீழே சுரங்கம் வெட்டிக் கார்க் கண்ணாடிக்கு மணல் எடுத்தது. 2011இல் ஆலையை மூடிவிட்டார்கள்.

குகைக்குள் போகிறவர்கள் பூசாத சுவர் வருகிற இடத்தில் நின்று உளித் தழும்புகளைப் பாருங்கள். வழிகாட்டி அங்கே நிற்க மாட்டார், ஜோக் சொல்லிக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

சாப்பாட்டுராமன்:
மணல் எடுத்த பிறகு காளான் வளர்த்தார்கள், அதைச் சொல்லுங்கள்! வருடம் முழுவதும் ஒரே குளிர்ச்சி, இருட்டு, ஈரம். காளானுக்கு வேறு என்ன வேண்டும்? அந்த ஆற்றங்கரை முழுக்கக் காளான் பண்ணைகள், ‘மஷ்ரூம் வேலி’ (காளான் பள்ளத்தாக்கு) என்றே பெயர். காசில் ராயலைத் திறந்ததே காளான் வளர்த்த தம்பதிதான். குதிரைச் சாணி உரம் கொட்டிய இடத்தில் சரவிளக்கு மாட்டி, கோட்டு சூட்டுப் போட்டவர்களை ஆட வைத்திருக்கிறார்கள். கேங்ஸ்டரைவிட இந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விடுதி அதிக வருடம் ஓடவில்லை, மறுபடி காளானுக்கே போனது. பக்கத்துக் குகைகளில் பாலாடைக்கட்டி. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கோம்ஸ் என்ற பேராசிரியர், பிரான்சின் ரோக்ஃபோர்ட் குகைகளில் விளைகிற நீலப் பாலாடைக்கட்டி இந்த மணற்கல் குகையிலும் விளையும் என்று 1933 வாக்கில் காட்டினார். போர் வந்து பிரான்சிலிருந்து வரத்து நின்றதும் இந்தச் சரக்குக்கு நல்ல கிராக்கி. எழுபதுகளில் இதே காசில் ராயல் டிஸ்கோவாக வேறு திரும்பி வந்தது. அந்தப் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

நீலவானம்:
இவ்வளவு விஷயம் வரும் என்று நினைக்கவில்லை. அப்பா வேளாண்மைத் துறையில் இருந்தவர், காளான் கதையைத்தான் அவர் கேட்பார். சரி, ஒரு சந்தேகம். பஸ்ஸில் ஊர் சுற்றிக் காட்டும் கேங்ஸ்டர் சுற்று என்று தனியாக இன்னொன்று போட்டிருக்கிறார்களே. குகைச் சுற்றா, பஸ் சுற்றா?

ராத்திரிராணி:
பஸ் இரண்டு மணி நேரம். குகையிலிருந்தே கிளம்பும். கொள்ளை நடந்த இடம், சுட்டுக்கொண்ட இடம், கும்பல் தங்கின வீடுகள் என்று வளைத்து வளைத்துக் கூட்டிப் போவார்கள். முழங்காலுக்கு அதுதான் சுகம், உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் டிக்கெட் குகைச் சுற்றைப் போல சில மடங்கு, சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

பேய்ச் சுற்று ஒன்றும் உண்டு. அம்மாவுக்கு அது வேண்டாம் :)

பழையபேப்பர்:
பஸ் சுற்றுக்கு என் ஓட்டு. இடங்கள் நிஜம். லெக்சிங்டன் பார்க்வேயில் டில்லிஞ்சர் தங்கின அடுக்குமாடிக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கே நடந்ததை யாரும் ஜோடிக்கத் தேவையில்லை. எஃப்.பி.ஐ. ஆட்கள் கதவைத் தட்டி “கார்ல் இருக்கிறாரா?” என்று கேட்க, டில்லிஞ்சருடன் இருந்த பில்லி ஃப்ரெஷெட்டுக்குத் தங்கள் பொய்ப் பெயரே மறந்துபோய் “எந்த கார்ல்?” என்று முழித்தாள். அதே நேரம் கூட்டாளி வான் மீட்டர் மாடிப்படி ஏறி வருகிறான். நீ யார் என்று கேட்டால் சோப்பு விற்கிறவன் என்கிறான். எங்கே சாம்பிள் சோப்பு? கீழே காருக்குள்ளே இருக்கு. கீழே போனதும் துப்பாக்கியை நீட்டிவிட்டான். உள்ளே டில்லிஞ்சர் கதவின் ஊடாகவே சுட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினான், காலில் குண்டு. பில்லி கார் ஓட்டினாள். பின்னால் அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்காக இதே ஊரில் வழக்கு நடந்து அவளுக்கு இரண்டு வருடம் சிறை.

இப்போதும் குடும்பங்கள் குடியிருக்கிற கட்டடம். பஸ்ஸில் இருந்தபடியே பாருங்கள், தனியாகப் போய் வாசலில் செல்ஃபி எடுக்காதீர்கள்.

தேன்மொழி:
நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் குழந்தைகளோடு இப்படி ஒரு கேங்ஸ்டர் சுற்றுக்கு (வேறு ஊர், வேறு ஆட்கள்) போய் மனசு கசந்து வந்தேன். முழு நேரமும் கைதட்டல். கொள்ளைக்காரன் எவ்வளவு கெட்டிக்காரன், எப்படித் தப்பினான். செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்க்கர்-கார்ப்பிஸ் கும்பல் 1932 டிசம்பரில் மினியாபொலிஸில் வங்கியைக் கொள்ளையடித்தபோது இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றது. பிறகு செயின்ட் பாலில் கோமோ பூங்காவில் கார் மாற்றும்போது, அந்த வழியாக வந்த ஒரு இளைஞன் எட்டிப் பார்த்தான் என்பதற்காக அவனையும் சுட்டார்கள். நாம் குழந்தைகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போகிற அதே பூங்காதான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு டில்லிஞ்சர் தொப்பி வாங்கித் தருவதற்கு முன்னால் இதையும் சொல்லுங்கள்.

ராத்திரிராணி:
நியாயம்தான் தேன்மொழி அக்கா. ஆனால் எல்லா வழிகாட்டியும் அப்படி இல்லை. எனக்கு வந்தவர் தெற்கு செயின்ட் பாலில் சம்பளப் பணக் கொள்ளையில் போலீஸ்காரர் செத்ததைச் சொல்லும்போது நடிப்பை நிறுத்திவிட்டு நேராகப் பேசினார். ஆளைப் பொறுத்த விஷயம்.

தேன்மொழி:
ஆளைப் பொறுத்தது என்பதுதான் எனக்குப் பிரச்சினையே. ஆனாலும் நீங்கள் சொல்கிற ஆள் கிடைத்தால் நானும் வருகிறேன்.

பழையபேப்பர்:
தேன்மொழி சொன்னதோடு சேர்த்து ஒன்று. இலவசமாக ஓர் இடம் இருக்கிறது: ரைஸ் பார்க் எதிரே லேண்ட்மார்க் சென்டர். 1902இல் திறந்த பழைய மத்திய அரசு நீதிமன்றக் கட்டடம், கோபுரமும் மாடமுமாக ராஜா வீட்டு அரண்மனை மாதிரி இருக்கும். ஹாம், பிரெமர் வழக்குகள் அங்கேதான் நடந்தன, பார்க்கர் சகோதரர்களில் ஒருவனான டாக் பார்க்கருக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததும் அங்கேதான். எழுபதுகளில் இடிபடாமல் தப்பிக் கலாசார மையம் ஆனது. குகையில் கேங்ஸ்டரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து அவன் கைதியாக நின்ற அறையையும் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் தாங்கும்.

மேற்குக்கரை:
இந்த இழையைப் படிக்கிற இளவட்டங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் அந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவன். வபாஷா தெருக் குகைக்குப் பக்கத்துச் சரிவிலும், ஆற்றோரமாக மேற்கே போகப் போகவும், மூடி வைத்த பழைய சுரங்கங்கள் நிறைய உண்டு. ‘காசு கொடுத்து எதற்குச் சுற்று, நாமே நுழைந்து பார்க்கலாம்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2004 ஏப்ரலில் அப்படி உள்ளே போன பதின்ம வயதுப் பையன்கள் மூன்று பேர் கார்பன் மோனாக்சைடு தாக்கி இறந்தார்கள். யாரோ முன்பு மூட்டிய நெருப்பு உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தால் போதும். அந்த வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மணற்கல் வேறு எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது, கல்லுளிமங்கனைக் கேளுங்கள். நகராட்சி அடைக்க அடைக்க எவனாவது மறுபடி தோண்டுகிறான்.

கல்லுளிமங்கன்:
உண்மை. விடுதி இருந்த பகுதிக்குப் பூச்சு, பராமரிப்பு, காற்றோட்டம் எல்லாம் இருக்கிறது. மற்றதெல்லாம் மழைக்காலம் முடிந்ததும் உள்பக்கம் பெரிய பாளமாகக் கழன்று விழும். சாகசத்துக்கு ஏற்ற இடமே இல்லை.

நீலவானம்:
எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன். குகைச் சுற்று ஒரு நாள், லேண்ட்மார்க் சென்டர் இன்னொரு நாள். பஸ் சுற்றுக்கு நானும் பையனும் மட்டும், அப்பா அம்மா வீட்டில் ஓய்வு. கோமோ பூங்காவில் நடந்ததை நேற்று ராத்திரியே அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் “அந்த அண்ணன் பேர் என்ன?” என்று கேட்டான். தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக இரண்டு கேள்வி: உள்ளே எவ்வளவு குளிரும், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா?

பழையபேப்பர்:
ஆஸ்கர் எரிக்சன்.

ராத்திரிராணி:
வாசலுக்கு நேரே வண்டி நிறுத்தலாம், கல்யாணம் நடக்கிற நாள் தவிர. அன்றைக்குச் சுற்றே சில சமயம் இருக்காது, கிளம்புமுன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்க. தரை பெரும்பாலும் சமம், பின்பக்கம் மட்டும் மேடு பள்ளம். அப்பாவுக்குத் தடி இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே சில்லென்றுதான் இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

சாப்பாட்டுராமன்:
வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்விங்குக்கும் கூட்டிப் போங்கள், அப்பா ஆடாவிட்டாலும் பாட்டுக் கேட்பார். சாப்பாட்டை மட்டும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு போங்கள், நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு அங்கே கிடைப்பது சரிப்படாது.